இடிக்கச் சொல்லப் போன வீடு

மகன்,

நீ சுகமாக இருக்கிறாய் என்று தெரியும், நேற்றுப் பின்னேரம்தான் கதைத்தோம். "கூட்டம் என்ன மாதிரி அம்மா?" என்று கேட்டாய். "நல்லாப் போச்சுது" என்று சொல்லிவிட்டு, அடுப்பில் பால் பொங்குகிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை. உனக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான். நீ என்னை அனுப்பியது ஓர் அலுவலுக்கு. நான் செய்துவிட்டு வந்தது வேறு. அதனால்தான் எழுதுகிறேன். எழுத்தென்றால் நீ இடையில் புகுந்து "ஐயோ அம்மா" என்று சொல்ல முடியாது. தமிழ்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கோ அக்கா என்று அங்கே படிப்பிக்கிற பிள்ளை என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இதையே கொடுக்கப் போகிறேன், எங்கள் பெயர்களைப் போடாமல். ஊரே வாசித்த பிறகு நீ என்னை ஏச மாட்டாய் என்ற துணிச்சல்தான்.

மலரில் வாசிக்கிறவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஓகஸ்டில் உனக்குக் கலியாணம். நாங்கள் இருக்கிற கெல்சென்கிர்ச்சனிலிருந்து காரில் ஒரு மணித்தியாலத்துக்குள் போகக்கூடிய சிறிய ஊரொன்றில் நீயும் என் மருமகளாக வரப்போகிறவளும் சேர்ந்து ஒரு காணி வாங்கியிருக்கிறீர்கள். காணி என்றுதான் நீ எப்போதும் சொல்வாய். அந்தக் காணியில் ஒரு பழைய வீடு நிற்கிறது. மரச்சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாக நிறுத்தி, நடுவில் மண் அடைத்துக் கட்டிய வீடு. இங்கத்தைய நாட்காட்டிகளில் கறுப்பும் வெள்ளையுமாய் வடிவாக நிற்குமே, அந்த வகை. ஆனால் இது நாட்காட்டிக்கு ஆகாது. முன்பக்கம் முழுவதையும் யாரோ சாம்பல் நிறத் தகட்டால் மூடி அடித்திருக்கிறார்கள், கூரை ஒழுகுகிறது. அதில் தனியே இருந்த கிழவர் இறந்துபோக, அவருடைய பெறாமகன், தம்பியின் பிள்ளை, விற்றுவிட்டான். நீ அதைப் பெப்ரவரி மழையில் குடை பிடித்துக்கொண்டு தோட்டத்தில் நின்று பார்த்தாய். உள்ளே போனால் சப்பாத்து நாறிப்போகும் என்று வாசலோடு திரும்பிவிட்டாய். இடித்துவிட்டு, மாரிக்கு முன் குடிபோகக்கூடியதாக ஆயத்தப் பாகங்களால் புதுவீடு கட்டுவது என்று அன்றைக்கே முடிவு. இடிக்கிற கொம்பனியில் யூன் கடைசிக்கு நாள் குறித்து டெர்மின் எடுத்தாயிற்று. அது தவறினால் அடுத்தது குளிர் தொடங்கி மாரியில்தான் என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

புதுவீட்டின் வரைபடத்தை நீ எங்கள் குசினி மேசையில் விரித்துக் காட்டிய நாள் எனக்கு மறக்காது. கீழ்த்தளத்தில், குளியலறைக்குப் பக்கத்தில், ஓர் அறை போட்டிருந்தாய். "இது ஆருக்கு?" என்று கேட்டேன். "உங்களுக்கும் அப்பாவுக்கும்தான். உங்கடை முழங்காலோடை படி ஏற ஏலாதெல்லே" என்றாய், ஏதோ மின்விளக்கு எங்கே வருகிறது என்று சொல்கிற மாதிரி. நான் எழும்பிப் போய்க் கழுவிய கோப்பைகளைத் திரும்பவும் கழுவினேன். இதை இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த காரியத்தைக் கேட்டதும் அம்மாவுக்கு அந்த வீட்டின் அருமை தெரியவில்லை என்று நீ நினைத்துவிடக் கூடாது. அந்த அறையில் கட்டில் எந்தப் பக்கம் போடுவது என்றுகூட நான் மனத்துக்குள் முடிவு செய்துவைத்திருந்தேன்.

இடிக்க அனுமதி கொடுப்பதற்கு முன், நகரசபை அந்த ஊரின் பழைய வீடுகளையும் பொருள்களையும் காக்கிற சங்கத்திடம் கருத்துக் கேட்டிருந்தது. சங்கம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கூடும். நீயோ நோர்வேயில், கடலுக்குள் மின்சாரம் எடுக்கிற காற்றாடி பூட்டுகிற இடத்தில் நிற்கிறாய். என் மருமகளுக்கோ ஆஸ்பத்திரியில் பின்னேர வேலை. "நீங்கள் போங்கோ அம்மா. உங்களைப் பார்த்தால் ஒருத்தரும் ஏலாது எண்டு சொல்லமாட்டினம்" என்று சொல்லி, ஜெர்மன் மொழியில் ஒரு தாள் எழுதி அனுப்பினாய். இளம் தம்பதி, பிறக்கப்போகும் பிள்ளைகள், வயதுபோன பெற்றோர், எல்லாம் அதில் இருந்தது. கேட்கிறவர்கள் கண்ணீர் விட்டு அழவேண்டும், அப்படி எழுதியிருந்தாய். நான் எத்தனையோ வருடம் பேக்கரியில் பாணுக்கும் கேக்குக்கும் நடுவில் நின்று ஜெர்மன் கதைத்தவள்தான். ஆனால் எழும்பி நின்று ஒரு சபைக்கு முன்னால் கதைத்ததில்லை. குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பாடமாக்கினேன். "என்ன, பள்ளிக்கூட நாடகமே?" என்று அப்பா கதவுக்கு வெளியே நின்று பகிடி பண்ணினார். வெறுங்கையோடு ஒரு சபைக்குப் போவதா என்று ஒரு தட்டு ரோல்ஸும் பொரித்தேன், இறைச்சி வைத்தது ஒரு பக்கம், மரக்கறி மற்றப் பக்கம். லஞ்சம் என்று நீ சிரிப்பாய். லஞ்சம்தான்.

அப்பா காரில் கூட்டிக்கொண்டு போனார், கூட்டம் தீயணைப்பு நிலையத்து மேல்மாடியில் நடந்தது. பதினைந்து இருபது பேர் இருப்பார்கள், பாதிப்பேர் நரைத்தவர்கள், மீதிப்பேர் வேலை உடுப்போடு வந்தவர்கள். எங்கள் வீட்டுக் கதை நிகழ்ச்சி நிரலில் கடைசியில் இருந்தது. முதலில் எடுத்தது சந்தைத் திடலில் நிற்கிற பழைய தண்ணீர்ப் பம்பின் கைபிடிக்கு என்ன நிறம் பூசுவது என்று. நம்ப மாட்டாய், அதற்கு ஒரு மணித்தியாலம் போனது. பச்சை என்றால் எந்தப் பச்சை? ஒரு அம்மா மூன்று மரத்துண்டுகளில் மூன்று பச்சையைப் பூசிக்கொண்டு வந்திருந்தார். இன்னொருவர் கைபிடியைச் சுரண்டி எடுத்த துகளைத் தீப்பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, ஆதியில் அது பச்சையே இல்லை, கறுப்பு என்று நின்றார். இரண்டு பேருக்கும் முகம் சிவந்து குரல் உயர்ந்துவிட்டது. அப்பா என் காதுக்குள் "எழும்புவமே?" என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்புப் போய்விட்டது. அந்தப் பம்பில் இப்போது தண்ணீரும் வருவதில்லை, மகன். அது அவர்களில் ஒருவருடைய சொத்தும் இல்லை. நாளெல்லாம் வேலை செய்துவிட்டு வந்து, தங்களுக்குச் சொந்தமில்லாத ஒரு பொருளுக்காக இந்த மனிதர்கள் இப்படி மல்லுக்கட்டுகிறார்களே என்று ஆச்சரியமாக இருந்தது. வாக்கெடுத்தார்கள், கறுப்பு வென்றது. தோற்ற அம்மா எழும்பிப் போய் வென்றவருடைய கிளாசுக்குள் பியர் ஊற்றிவிட்டு வந்தார். உங்கள் இரண்டு பேருக்கும் கலியாணப் புத்தியாக இதைத்தான் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டேன். முகம் சிவக்கச் சண்டை பிடியுங்கள், பிறகு தோற்றவர் எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றுங்கள்.

பிறகு உன் வீடு. அதைப் பற்றிச் சொல்ல எழுந்தது அன்யா என்ற பெண், நாற்பது வயதிருக்கும். பகலில் பல் டொக்டரிடம் உதவியாளராக வேலை, மிச்ச நேரத்தில் ஊரில் உள்ள பழைய வீடுகளுக்குள் புகுந்து பார்ப்பதுதான் பொழுதுபோக்கு. வீட்டை இடிக்கக் கூடாது என்று சொல்வார் என்று பார்த்தால், "எனக்கு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. தகட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எங்களில் யாருக்குமே தெரியாது. கிழவர் யாரையும் உள்ளே விட்டதில்லை" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலைவர், பெரிய வெள்ளை மீசைக்காரர், மரியாதையாகக் கேட்டார்: "வீட்டுத் திறப்பு இப்போது யாரிடம் இருக்கிறது?" தபால் பார்க்கவென்று நீ தந்த திறப்பு என் கைப்பைக்குள், உன் தாளுக்குப் பக்கத்தில் கிடந்தது. மகனிடம் இருக்கிறது, அவன் நோர்வேயில் என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொல்லியிருந்தால் இந்தக் கடிதமே வந்திராது. ஆனால் அவர்களுடைய முகத்தைப் பார்த்தபோது, வாசலில் நிற்கிற விருந்தாளியிடம் வீட்டில் ஆளில்லை என்று பொய் சொல்வதுபோல் இருந்தது. திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன்.

உன் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். யூன் மாதமல்லவா, நல்ல வெளிச்சம். சங்கம் முழுவதும் கிளம்பியது. கூட்டத்தை நடுவில் விட்டுவிட்டு, ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு ரோல்ஸ், வாயூதி வாயூதித் தின்றுகொண்டு தெருவால் போனோம். உறைக்கிறது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மூக்குத்தான் சிவந்திருந்தது. அப்பா தட்டைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தார். கோயில் திருநாளுக்குச் சுற்றுப்பிரகாரம் போகிற மாதிரி இருந்தது.

உள்வாசலுக்கு மேலே, நிலையில், வெண்கட்டியால் எழுதியிருந்தது. மூன்று இராசாக்கள் திருநாளுக்குப் பிள்ளைகள் தலையில் கடதாசிக் கிரீடம் வைத்துக்கொண்டு வந்து பாடி, வருடத்தையும் மூன்று எழுத்தையும் எழுதிவிட்டுப் போவார்களே, எங்கள் பிளாட் வாசலிலும் இருக்கிறதே, அதே எழுத்து. யாரையும் உள்ளே விடாத கிழவர் அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கதவு திறந்திருக்கிறார். பழைய வருடங்களை அவர் அழிக்கவும் இல்லை. ஒன்றின்மேல் ஒன்றாக, அடியில் உள்ளவை புகைபோல மங்கிக் கிடந்தன. நான் அறியாமலே சிலுவை போட்டுக்கொண்டேன். அப்போதே மனம் கொஞ்சம் இளகிவிட்டது என்று நினைக்கிறேன்.

நீ சொன்னது உண்மைதான், நாற்றம். ஈரம், எலி, பழைய கம்பளம். அன்யா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மாடிக்கு ஏறினார், நான் கைபிடியைப் பிடித்துப் பிடித்துப் பின்னால் ஏறினேன். மேலே ஓர் அறையில் பூப்போட்ட சுவர்க்கடதாசி ஈரத்தில் தானாகவே கழன்று தொங்கியது. அதன் பின்னால் அடித்திருந்த பலகையும் ஒரு பக்கம் விட்டிருந்தது. அன்யா அந்த இடுக்குக்குள் கைவிட்டு, பல் பார்க்கிற சின்னக் கண்ணாடியை நுழைத்துச் சாய்த்துப் பார்த்தார்.  பிறகு "வந்து பாருங்கள்" என்று கண்ணாடியை என் கையில் தந்தார். மரத்தில் உளியால் வெட்டிய கோடுகள். ஒரு சட்டத்தில் நான்கு கோடு, அதோடு வந்து பொருந்துகிற சட்டத்திலும் நான்கு கோடு. அடுத்த மூலையில் ஐந்தும் ஐந்தும். இது என்ன கணக்கு என்று கேட்டேன்.

அவர் சொன்னதை உனக்கு அப்படியே சொல்கிறேன், நீ பொறியியல் படித்தவன், என்னைவிட உனக்கு நன்றாக விளங்கும். இந்த வீட்டை அவர்கள் நிற்கவைத்துக் கட்டவில்லையாம். முதலில் ஒரு வெளியில், சுவர் சுவராகத் தரையில் படுக்கவைத்து, ஒவ்வொரு சட்டத்தையும் மற்றதோடு பொருந்துமட்டும் வெட்டிப் பார்ப்பார்களாம். பொருந்தியதும் இரண்டிலும் ஒரே அடையாளம் கொத்துவது. பிறகு முழுவதையும் கழற்றி வண்டியில் ஏற்றி, வீடு நிற்கவேண்டிய இடத்துக்குக் கொண்டுபோய், அயலட்டை எல்லாம் கூடிநின்று அடையாளத்தைப் பார்த்துப் பூட்டி நிமிர்த்துவது. ஆணி கிடையாது, மர முளைதான். நான்கை நான்கோடு சேர்க்க எழுத வாசிக்கத் தெரியவேண்டியதில்லை. எத்தனை தலைமுறைக்கு முன்னர் யாரோ கொத்திய கோடு, என் பெருவிரல் நகத்துக்குள் இப்போதும் தட்டுப்பட்டது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, மகன். பொய் சொல்லவில்லை. கோயிலில் நற்கருணையை உயர்த்திப் பிடிக்கும்போது எல்லாச் சத்தமும் நின்றுபோகுமே, அப்படியோர் அமைதி எனக்குள் வந்தது.

அதைவிடப் பெரியது அதற்குப் பிறகுதான். யன்னலுக்குக் கீழே, பலகையும் மேற்பூச்சும் விழுந்துபோன இடத்தில், சட்டங்களுக்கு நடுவில் மண் தெரிந்தது, வைக்கோலும் மாட்டு மயிரும் போட்டுக் குழைத்த மண். அதைப் பூசியவர்கள் மேற்பூச்சுப் பிடிக்கவேண்டும் என்று ஈரத்தில் விரலால் இழுத்து விட்டிருக்கிறார்கள். நான்கு நான்கு விரலாக, வளைந்து வளைந்து, சுவர் நீளத்துக்கும். "பெண்களும் பிள்ளைகளும்தான் மண் பூசுவார்கள் என்று சொல்வார்கள். சும்மா வையுங்கள், உடையாது" என்றார் அன்யா. நான் என் விரல்களை வைத்தேன். பொருந்தியது. இடைவெளிகூடக் கூடிக் குறையவில்லை, என் கையை அளவெடுத்துச் செய்த மாதிரி. அவள் ஆர், பெயர் என்ன, அன்றைக்கு என்ன சமைத்தாள், எனக்கு ஒன்றும் தெரியாது. ஒரு நாள் இந்த யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து, முதுகு நோக நோக, தன் வீட்டுச் சுவரைப் பூசியிருக்கிறாள். அந்தக் கை இன்னும் ஈரமாக இருப்பதுபோல் இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்யா வேறு பக்கம் பார்ப்பதுபோல் நின்றார், நல்ல பிள்ளை.

அப்போது எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீ பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலம், எங்கள் பழைய பிளாட்டில் உன் கட்டிலுக்குப் பின்னால் சுவர்க்கடதாசியை நகத்தால் உரித்துக்கொண்டே போனாய். வெள்ளைக்குக் கீழே நீலம், நீலத்துக்குக் கீழே மண்ணிறப் பூ, அதற்கும் கீழே பழைய பத்திரிகைக் கடதாசி. வீட்டுக்காரன் கத்துவான் என்று நான் உன் முதுகில் ஒன்று போட்டேன். நீ அழவில்லை. அந்த ஓட்டையைக் காட்டி, "அம்மா, முந்தி ஆர் இஞ்சை இருந்தவை?" என்று கேட்டாய். எனக்கென்ன தெரியும்? சாப்பிட வா என்று இழுத்துக்கொண்டு போனேன். அன்றைக்கு நீ கேட்டதற்கு எனக்குப் பதில் கிடைத்தது இந்தச் செவ்வாய்க்கிழமைதான், உன் வீட்டு மாடியில்.

அன்யா என்னை ஏமாற்றவில்லை, அதையும் சொல்லவேண்டும். மழை அடிக்கிற பக்கத்தில் அடிச்சட்டம் உக்கிவிட்டது, கூரை முழுவதும் மாற்றவேண்டும், ஆண்டுக்கணக்கில் வேலை இருக்கும், சனிக்கிழமைகளில் சங்கத்துக்காரர் கைகொடுப்பார்கள், ஆனால் இழுபடப்போவது உங்கள் மகன்தான் என்றார். மற்றவர்களும் மேலே வந்துசேர்ந்து, தாழ்ந்த வளைமரத்தில் அப்பா இரண்டாம் முறையும் தலையை இடித்துக்கொண்டு நின்ற நேரம் அது. கடைசியாக அன்யா, "உங்கள் மகனுக்கு இங்கே இது வேண்டாமென்றாலும் இடிக்கவேண்டியதில்லை. அடையாளம் இருக்கிறது, கழற்றலாம். கழற்றினால் இன்னொருவர் வேறோர் இடத்தில் நிறுத்திக்கொள்வார்" என்றார்.

கழற்றலாம் என்ற சொல்லைக் கேட்டதும் அப்பா பேசினார். உனக்குத் தெரியும், வேலைத்தலத்தில் ஓம், இல்லை, வேலை முடிந்தது என்பதற்கு ஃபைராபெண்ட், இந்த மூன்று சொல்லோடு காலத்தை ஓட்டியவர் அவர். தலையைத் தடவிக்கொண்டு, உடைந்த ஜெர்மனில், "நானும் கழற்றினேன். ஒரு கதவு" என்றார். எல்லாரும் திரும்பினார்கள். யுத்தத்தில் எங்கள் ஊரில் ஷெல் விழத் தொடங்கி எல்லாரையும் கிளம்பச் சொன்ன அன்று, அவரும் உன் சித்தப்பாவும் வாசல் கதவை நிலையோடு கழற்றி, இரண்டு சைக்கிளுக்கு நடுவில் கயிற்றால் கட்டி உருட்டிக்கொண்டு போனார்களாம். போன இடத்தில் பகலில் அது மேசை, இரவில் அதன்மேல் உன் அப்பப்பா படுப்பாராம். மறுபடி வெளிக்கிடவேண்டி வந்தபோது அதைத் தூக்க ஆளில்லை, பக்கத்துக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டார்கள். "உயிருக்குப் பயந்து ஓடுகிறபோது ஏன் கதவு?" என்று மீசைக்காரர் மெல்லக் கேட்டார். "வீட்டைத் தூக்க முடியாது. கதவைத் தூக்கலாம்" என்றார் அப்பா. அந்தக் கதவு இப்போது எங்கே என்று அன்யா கேட்டார். அப்பா தோளைக் குலுக்கினார். "யாரோ ஒருவர் வீட்டில். அவர்களும் திறந்து பூட்டுவார்கள்தானே."  நான் அந்த மனிதனோடு இத்தனை காலம் ஒரே பானைச் சோறு தின்கிறேன், இந்தக் கதை எனக்கே புதிது.

திரும்பவும் தீயணைப்பு நிலையத்துக்கு வந்து எல்லாரும் கதிரையில் இருந்தோம். தலைவர் என்னைப் பேசச் சொன்னார். உன் தாளை விரித்துக்கொண்டு எழும்பினேன். முதல் வரி கண்ணில் பட்டது: மதிப்புக்குரிய அங்கத்தவர்களே, என் மகன் இந்த வீட்டை நன்றாகப் பார்த்து, யோசித்து எடுத்த முடிவு இது. அதை என்னால் வாசிக்க முடியவில்லை. தாளை மடித்தேன். "என் மகன் இந்த வீட்டைப் பார்க்கவில்லை. காணியைத்தான் பார்த்தான். அவன் நல்ல பிள்ளை, ஆனால் மழை பெய்தது. அடுத்த கூட்டம் வரைக்கும் ஒன்றும் முடிவு செய்யாதேயுங்கள். அவன் வந்து பார்க்கட்டும்" என்று பேக்கரியில் கதைக்கிற ஜெர்மனில் சொல்லிவிட்டு இருந்தேன். உடனே எல்லாரும் மேசையில் விரல் முட்டியால் படபடவென்று குத்தத் தொடங்கினார்கள். நான் பயந்துபோய்க் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டேன். எங்களைப் போகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்தேன், அப்பாவும் வெறும் தட்டைத் தூக்கிவிட்டார். பக்கத்திலிருந்த அம்மா என் கையைப் பிடித்து இருத்தி, இங்கே இதுதான் கைதட்டு என்றார். நீ பல்கலைக்கழகத்தில் எத்தனை தரம் இப்படிக் குத்தியிருப்பாய், ஒருநாளாவது வீட்டில் சொன்னாயா?

ஆக, மகன், நடந்தது இதுதான். முடிவை யூலை முதல் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். உன் யூன் டெர்மின் போய்விட்டது. இனி எப்படிப் பார்த்தாலும் கலியாணம் முடித்து இந்த மாரியை நீங்கள் எங்கள் பிளாட்டில்தான் கழிக்கவேண்டும், புதுப்பெண் மாமியாரோடு ஒரே குசினியில். அது அவளுக்கு எவ்வளவு பெரிய ஏமாற்றம் என்று எனக்குத் தெரியாமலில்லை. உனக்குச் சொல்லத்தான் பயம், அவளுக்கு நேற்று இரவே எடுத்துச் சொல்லிவிட்டேன். முழுவதையும் கேட்டாள். பிறகு, "மாமி, குசினி யன்னலாலை பார்த்தால் என்ன தெரியும்?" என்று கேட்டாள். "ஒரு பெரிய வால்நட் மரம் நிக்குது பிள்ளை" என்றேன். "சரி மாமி" என்று வைத்துவிட்டாள். கோபமா இல்லையா என்று எனக்கு விளங்கவில்லை, நீயே கேட்டுப் பார்.

காரில் வரும்போது அப்பாவிடம் கேட்டேன். "ஏனப்பா, உந்தக் கதவுக் கதையை எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" "நீ கேட்கேல்லைத்தானே" என்றார். கொஞ்சத் தூரம் போய், வீதியைப் பார்த்தபடியே, "அறை கீழை இல்லாட்டிலும் பரவாயில்லை. படிக்கு ஒரு கைபிடி போட்டால் ஏறலாம்" என்றார். பழைய வீட்டை வைத்திருக்கப்போகிறோம் என்று நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை, அவர் தன்பாட்டில் கைபிடிக்குப் போய்விட்டார். உன் கலியாணத்துக்கு நான் சொல்ல வைத்திருந்த புத்திமதி எல்லாம் இதற்குள் அடங்கிப்போகிறது. உன் பக்கத்தில் படுக்கிறவள் எந்தக் கதவைத் தூக்கிக்கொண்டு வந்தாள் என்று கேட்டுவை. என்னைப்போல் கிழவியாகுமட்டும் காத்திராதே.

நீ இடித்தாலும் நான் உன்னோடு கோபிக்க மாட்டேன். அது உன் காணி, உன் உழைப்பு, அந்தக் கீழறையில் கட்டிலைக் கிழக்குப் பார்க்கப் போட்டுக்கொண்டு சந்தோசமாக இருப்பேன். கழற்றிக் கொடுத்தாலும் சரி, யாரோ திறந்து பூட்டட்டும். வைத்திருந்தாலும் சரி, அப்பா கைபிடி போடுவார். நீ யூன் கடைசியில் வருகிறாய். விமான நிலையத்திலிருந்து நேரே அங்கே போவோம், அவளையும் கூட்டிக்கொண்டு. சப்பாத்து நாறினால் நான் கழுவித் தருகிறேன். அதற்குப் பிறகும் இடிக்கத்தான் வேண்டும் என்று நீ சொன்னால், யூலை முதல் செவ்வாய்க்கிழமை நானே எழும்பி நின்று, நீ எழுதித் தந்த தாளை ஒரு சொல்லும் விடாமல் வாசிப்பேன். பாடமாக்கினது மறக்கவில்லை, தாளும் பத்திரமாக இருக்கிறது. அதன் முதல் வரி அப்போது உண்மையாகவும் இருக்கும். ஆனால் முதலில் மாடிக்கு வா. யன்னலுக்குக் கீழே குந்தியிருந்து, அந்த நான்கு விரலில் உன் விரலை வை.